மின்தடை நாளின் முப்பத்தெட்டு நிமிஷம்

ஒரு பாட்டுத் தொகுப்பை முதலிலிருந்து கடைசி வரை, ஒன்றையும் தள்ளிவிடாமல், நடுவில் எழுந்து போகாமல் கேட்பதற்கு என்ன வேண்டும்? ரசனை வேண்டும் என்பார்கள். பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்கு அதெல்லாம் தாராளமாகவே இருக்கிறது. கரண்ட் போனால் போதும்.

வெண்ணந்தூரில் எங்கள் வீட்டில் நான்கு விசைத்தறிகள் ஓடுகின்றன. வீட்டுக்குப் பக்கத்தில் இல்லை, வீட்டுக்குள்ளேயே. முன்பாதி தறிக்கு, பின்பாதி எங்களுக்கு. நடுச்சுவரில் நிலை மட்டும் இருக்கிறது, கதவு கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில் "கதவு எப்பங்க வெப்பீங்க?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "வெச்சுக்கலாம்" என்றார். இருபத்தேழு வருஷம் ஆகிறது. காலை ஆறு மணிக்குத் தறி ஓட ஆரம்பித்தால் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் நிற்காது. எங்கள் தறி நின்றாலும் பக்கத்து வீட்டுத் தறி நிற்காது, அது நின்றாலும் எதிர்வீட்டுத் தறி நிற்காது. மற்ற ஊர்ப் பெண்கள் கோபம் வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்களாம். எனக்கு அதற்கும் வழியில்லை.

ஆனால் மாதத்தில் ஒருநாள் துணை மின்நிலையத்தில் பராமரிப்பு வேலை நடக்கும். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட் இருக்காது. முந்தின நாள் பேப்பரில் ஊர்ப் பெயர்களை வரிசையாகப் போட்டிருப்பார்கள். மற்றவர்கள் ராசிபலன் பார்க்கிற மாதிரி நான் அதைப் பார்ப்பேன். எங்கள் ஊர்ப் பெயர் இருந்தால் ஒருநாள் நெசவு போச்சே என்று வீட்டுக்காரருக்கு முகம் தொங்கிப்போகும். நானும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சமையலறைக்குள் போய்ச் சிரிப்பேன்.

அன்றைக்கு ஒன்பது மணிக்குத் தெரு முழுக்கத் தறிகள் நிற்கும். நின்றவுடன் காது நம்பாது, உள்ளே இரைந்துகொண்டே இருக்கும். பத்து நிமிஷம் போனால் காக்கை கத்துவது கேட்கும், மூன்று வீடு தள்ளி யாரோ பாத்திரம் கழுவுவது கேட்கும். அதன் பிறகுதான் போனை எடுப்பேன். மின்விசிறி இல்லாமல் வியர்வை ஊற்றும். ஊற்றிவிட்டுப் போகட்டும்.

நான் இப்படிக் கேட்கப் பழகியது பிறந்த வீட்டில். அயோத்தியாப்பட்டணத்தில் எங்கள் வீட்டைச் சுற்றித் தறியே கிடையாது. அப்பா வைத்திருந்த டேப் ரிகார்டரில் பாட்டைத் தாண்டி ஓடவைக்கும் பட்டன் உடைந்திருந்தது. பிடிக்காத பாட்டையும் உட்கார்ந்து கேட்டால்தான் பிடித்த பாட்டு வரும். அக்கா எழுந்து வெளியே போய்விட்டு, தனக்குப் பிடித்த பாட்டு வரும்போது ஓடி வருவாள். நான் போனதில்லை. போகாமல் இருந்ததில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். நல்ல தொகுப்பில் சுமாரான பாட்டு என்று எதுவும் கிடையாது, நாம் இன்னும் காது கொடுக்காத பாட்டுத்தான் இருக்கும்.

அப்படி எனக்கு மூன்று தொகுப்புகள் உண்டு. பெயரெல்லாம் சொல்ல மாட்டேன். சொன்னால் உடனே தேடி எடுத்து, முதல் இருபது விநாடி கேட்டுவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று இந்தப் பொம்பளை இந்தக் குதி குதிக்கிறாள் என்பீர்கள்.

முதலாவது ஒரு சினிமாவுடையது. படம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மொத்தம் ஆறு பாட்டு. மூன்றாவது பாட்டு யாருக்கும் பிடிக்காது. வயதான குரல் ஒன்று இழுத்து இழுத்துப் பாடும், பஸ்ஸைத் தவறவிட்டவர் புலம்புகிற மாதிரி. எனக்கே அது பத்து வருஷம் பிடிக்கவில்லை. ஆனால் அந்த இழுவையைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்தான் நான்காவது பாட்டில் பெண்குரல் திடுமென்று மேலே ஏறும்போது நெஞ்சை அடைக்கும். நான்காவதை மட்டும் தனியாகப் போட்டால் அது சும்மா ஒரு நல்ல பாட்டு, அவ்வளவுதான்.

இரண்டாவது முருகன் பாட்டு, எட்டு. முதல் பாட்டு அடிவாரத்தில் ஆரம்பிக்கும், எட்டாவது மலை உச்சியில் முடியும். ஐந்தாவதில் பாடுகிறவருக்கே மூச்சு வாங்குகிறது. வேண்டுமென்றே அப்படிப் பாடினாரா, நிஜமாகவே வாங்கியதா என்று தெரியவில்லை. பங்குனியில் கோயில் ஸ்பீக்கரில் இதைப் போடுவார்கள். போடுகிற ஆள் மூன்றாவது பாட்டோடு நிறுத்திவிட்டு வேறு எதையோ போட்டுவிடுவார். ஒரு தடவை நேரே போய், "ஏனுங்க, மலையேற உட்டுட்டுப் பாதி வழியில எறக்கி உடறீங்களே, நாயமா?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அம்மணி, பாட்டுப் போடறதே பெருசு" என்றார். அடுத்த வருஷமும் மூன்றோடுதான் நிறுத்தினார்.

மூன்றாவது தொகுப்பில் வார்த்தையே கிடையாது. புல்லாங்குழல், மிருதங்கம், ஜால்ரா. ஐந்து உருப்படி, முப்பத்தெட்டு நிமிஷம். கல்யாணத்துக்கு எனக்கு வந்த பரிசுகளில் ஒன்று அந்தக் கேசட். யார் கொடுத்தார்கள் என்று நினைவில்லை. பேட்டரி போட்டுக் கேட்டுக் கேட்டுக் கேசட் தேய்ந்த பிறகு சிடி வாங்கினேன், சிடி கீறிப்போன பிறகு போனில் ஏற்றினேன். முதல் உருப்படியில் குழல் தயங்கித் தயங்கித்தான் வரும். இரண்டாவதில் மிருதங்கம் அதைக் கையைப் பிடித்து இழுத்துப் போகும். நான்காவதில் இரண்டும் சண்டை போடும். கடைசி உருப்படியில் முதலில் குழல் நிற்கும், பிறகு மிருதங்கம் நிற்கும். ஜால்ரா மட்டும் ஒன்று, ஒன்று, ஒன்று என்று தட்டிக்கொண்டே தூரமாகப் போகும், அரை நிமிஷத்துக்கு. கச்சேரி முடிந்து எல்லாரும் எழுந்து போன பிறகும் ஒருவர் மட்டும் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். அந்த அரை நிமிஷத்துக்காகத்தான் மீதி முப்பத்தேழரை நிமிஷமும் உட்கார்ந்திருப்பேன்.

இதைப் போடும்போது மட்டும் வீட்டுக்காரரும் பக்கத்தில் வந்து உட்காருவார். அதுவரை தறிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சுவரில் சாய்ந்து, முடிகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் இருப்பார். இந்த ஆளுக்கும் இசை ஞானம் இருக்கிறதே என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டது உண்டு.

போன ஆடி மாதத்து மின்தடை நாளில் குழல் நின்றது, மிருதங்கம் நின்றது, அதோடு எல்லாம் நின்றுவிட்டது. ஜால்ராவைக் காணோம். கடைசி உருப்படியை மறுபடி போட்டேன், அப்போதும் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் புதுப் போன் வாங்கி, பழைய போனில் இருந்த பாட்டையெல்லாம் ராசிபுரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துச் செல்போன் கடையில் கொடுத்து மாற்றியிருந்தேன். கடைக்காரர்தான் வாலை வெட்டிவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டேன். அடுத்த சந்தை நாளில் பஸ் ஏறிப் போய் அவர் முன்னால் நின்றேன்.

"தம்பி, இதுல கடைசி அரை நிமிசத்தைக் காணோம். பாட்டு மாத்தறப்ப வெட்டிப்போட்டீங்க."

"வெட்டறதுக்கு நான் என்ன தையக்கடையா வெச்சிருக்கறேன்? குடுங்கக்கா, பாக்கலாம்."

அவருக்கு முப்பது வயதிருக்கும், நல்ல பொறுமைசாலி. கடைசி உருப்படியைப் போட்டுக் கண்ணாடி மேசை மேல் வைத்தார். பஸ் ஸ்டாண்ட் இரைச்சலுக்கு இருவரும் குனிந்து கேட்டோம். குழல் நின்றது. மிருதங்கம் நின்றது.

"பாருங்க, நின்னுபோச்சு" என்றேன்.

அவருடைய ஆள்காட்டி விரல் மேசையின் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தது. ஒன்று. ஒன்று. ஒன்று. எனக்கு மனப்பாடமான அதே இடைவெளி. ஜால்ரா தூரமாகப் போகிற இடத்தில் விரலும் மெல்ல மெல்ல அழுத்தம் குறைந்தது. அரை நிமிஷம் கழித்து விரல் நின்றது. அப்புறம்தான் அவர் நிமிர்ந்தார்.

"நிக்கலீங்களேக்கா. ஓடி முடிஞ்சுதே."

போனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீணாகப் பழி போட்டதற்கு அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் வரும்போது வளையலைக் குலுக்கிக் குலுக்கிக் காதருகே வைத்துப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

சேலத்தில் ஒரு காது டாக்டரிடம் போனேன். ஒரு பெட்டிக்குள் உட்காரவைத்து, காதில் ஒரு கருவியை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வெளியே வந்து பார்த்தால் காகிதத்தில் ஒரு கோடு கொஞ்ச தூரம் நேராகப் போய், சட்டென்று கீழே விழுந்திருந்தது.

டாக்டர் அம்மா அந்த விழுந்த இடத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். "மெலிசான சத்தமெல்லாம் இங்க இருக்கும்மா. மணி, கொலுசு, குருவி. இதெல்லாம் உங்களுக்குப் போயிடுச்சு. போனது திரும்பாது. மீதியாவது இருக்கணும்னா தறிச் சத்தத்துல இருந்து வெளியில வரணும்."

"வரலீன்னா, மீதியும் போயிருங்களா?"

"போகும். எப்பன்னு சொல்ல முடியாது. போகும்."

அப்போது எனக்கு முதலில் மனதில் வந்தது குருவியும் இல்லை, கொலுசும் இல்லை. அடுத்து எது போகும் என்று கணக்குப் போட்டேன். நான்காவது பாட்டுப் பெண்குரலா, மேல் ஸ்தாயிக் குழலா? என்னிடம் இருக்கிற மூன்று தொகுப்புகளும் மேலிருந்து ஒவ்வொரு சத்தமாகக் கழன்று விழப் போகின்றன என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. டாக்டர் அம்மா காதுக்கு வைக்க இரண்டு பஞ்சடைப்பான்களைக் கொடுத்து அனுப்பினார்.

அதை வைத்துக்கொண்டு தறி ஓட்ட முடியாது என்பது தறி ஓட்டாதவர்களுக்குப் புரியாது. நான்கு தறிகளை ஒரே நேரத்தில் கண்ணால் பார்க்க முடியுமா? காதால்தான் பார்க்கிறோம். அவ்வளவு இரைச்சலிலும், குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு நாடா போய்வருகிற சத்தத்தில் துளி மாற்றம் தெரிந்தால் எந்தத் தறியில் என்ன கோளாறு என்று கை தானாகப் போகும். அடைப்பான் வைத்த இரண்டாம் நாள் மூன்றாவது தறியில் இழை அறுந்தது எனக்குத் தெரியவில்லை. சேலையில் ஒன்றரை முழத்துக்குக் கோடு விழுந்துவிட்டது. வீட்டுக்காரர் வந்து தறியை நிறுத்தினார். சேலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் காதிலிருந்து அடைப்பானை அவரே எடுத்து, என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டுப் போய்விட்டார். என்ன ஏது என்று கேட்கவில்லை. அன்று முழுக்க அவருக்குச் சோற்றை டங்கென்று வைத்தேன். வைத்த சத்தம் யாருக்குக் கேட்டது?

இந்தக் காதுச் செய்தியைத் தறி ஓடும்போது கத்திச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ராத்திரியில் சொல்லலாம் என்றால் இருவரும் படுத்ததும் கட்டையாகிவிடுவோம். எனவே அடுத்த மின்தடை நாளுக்காகக் காத்திருந்தேன். அன்றைக்குக் குழல் தொகுப்பைப் போட்டேன். அவர் வழக்கம்போல் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முப்பத்தேழரை நிமிஷம் போனது. குழல் நின்றது, மிருதங்கம் நின்றது. நான் அசையவில்லை. அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா புள்ள?" என்று கடைசியில் கேட்டார்.

"ஏனுங்க, உங்களுக்கு ஜால்ரா கேக்குதுங்களா?"

"எந்த ஜால்ரா?"

"கடைசீல வருமே, அது."

"அதுல ஜால்ரா வேற வருதா?"

பன்னிரண்டு வயதிலிருந்து தறி ஓட்டுகிறவர். எனக்குக் கழுத்தில் தாலி ஏறும்போதே அவருக்கு அந்தச் சத்தம் போய்விட்டிருக்கிறது.

"அப்ப இத்தன வருசமா எதைக் கேட்டுட்டு உக்காந்திருந்தீங்க?"

"முன்னால குழல் கேக்கும். இப்ப அதுவும் விட்டு விட்டுத்தான் கேக்குது. உன்ற கை போனுக்குப் போச்சுன்னா முடிஞ்சுதுன்னு எந்திரிச்சுக்குவேன்."

டாக்டர் அம்மா சொன்னதையெல்லாம் அவரிடம் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். அந்த ஆளிடமிருந்து நான் எதிர்பார்த்தது 'பாத்துக்கலாம்' என்கிற ஒரு சொல்தான்.

"நீ உங்கக்கா ஊட்டுக்குப் போயிரு புள்ள" என்றார். "சேலத்துல எதாச்சும் கடையில வேலை பாரு. நாலு தறிய நான் சமாளிச்சுக்குவேன். என்ற காதுல இனிப் போறதுக்கு என்ன இருக்குது?"

அன்றைக்கு எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. போகமாட்டேன் என்றும் நான் சொல்லவில்லை. எனக்கு என் காது வேண்டும். அதை ஒளித்துப் பேசுவானேன்.

அக்கா விசாரித்துச் சேலத்தில் ஒரு ஜவுளிக் கடையில் சேர்த்துவிட்டாள். சேலையைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. தொட்டதும் இன்ன நூல் என்று சொல்வேன். காது பற்றி அங்கே யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அதை ஒரு குறை என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை, எல்லாருக்கும் இருப்பதால். நான் செய்த தப்பு அதுதான். காது கொஞ்சம் மந்தம் என்றால் வெளியூரிலும் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று நினைத்துவிட்டேன்.

கடையில் குளிர்காற்று, மெத்தென்ற தரை, மேலே ஸ்பீக்கரில் பாட்டு. அந்தப் பாட்டைத்தான் சகிக்க முடியவில்லை, எதையும் முழுசாக விடமாட்டார்கள், ஒன்று ஏறும்போதே இன்னொன்று வந்து விழும். அதைவிட மோசம், அங்கே எல்லாரும் மெல்லப் பேசினார்கள். பிறந்து வளர்ந்த பக்கத்துப் பேச்சுத்தான், ஆனால் வாயைப் பார்த்தால்தான் எனக்குப் பேச்சு பிடிபட்டது. அலமாரிப் பக்கம் திரும்பிச் சேலை எடுக்கும்போது பின்னால் இருப்பவர்கள் என்ன சொன்னாலும் தெரியாது. எல்லாரையும் "என்னங்க? என்னங்க?" என்று கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப்போனது. நானும் தெரியாமல் கத்திப் பேசியிருக்கிறேன். கூட வேலை செய்த பெண் தோளைத் தொட்டு, "அக்கா, சண்டைன்னு நினைச்சுக்கப் போறாங்க" என்றாள்.

பதினோராம் நாள் ஓர் அம்மா பின்னாலிருந்து என்னை மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார். நான் பாட்டுக்குச் சேலை மடித்துக்கொண்டிருந்தேன். திரும்பியபோது அவர் முகம் சிவந்து நின்றார். திமிர் பிடித்தவள் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். முதலாளி நல்ல மனுஷர். நாற்காலி போட்டு உட்காரவைத்து, என் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் பேசினார். வேலை தெரிந்த ஆள்தான், ஆனால் இந்த வேலைக்குக் காதும் வேண்டுமே என்றார். அவர் அவ்வளவு மெதுவாக, அவ்வளவு தெளிவாகப் பேசியதுதான் எனக்கு அவமானமாக இருந்தது.

அக்கா இருக்கச் சொன்னாள். இன்னொரு கடை பார்க்கலாம் என்றாள். எந்தக் கடைக்குப் போனாலும் எனக்கு முதுகுப்பக்கம் ஒன்று இருக்குமே. மறுநாள் மத்தியானம் பஸ் ஏறினேன். இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு குழல் தொகுப்பை முதலிலிருந்து போட்டேன். நடுவில் எதையும் தள்ளவில்லை. கடைசி அரை நிமிஷம் திரையில் எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், முடிந்தது அப்படித்தான் தெரிந்தது.

வெண்ணந்தூரில் இறங்கி எங்கள் தெரு திரும்பியதும் தறிச் சத்தம் வந்து முகத்தில் மோதியது. பன்னிரண்டு நாளாக விறைத்துப்போயிருந்த தோள் இரண்டும் தானாக இறங்கின. இங்கே யாரும் என்னைப் பின்னாலிருந்து கூப்பிட்டுவிட்டு, திரும்பவில்லை என்று கோபித்துக்கொள்ளப் போவதில்லை. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. என் காதைத் தின்ற இடத்தில் மட்டும்தான் நான் செவிடி இல்லை. அந்த நிம்மதி வந்ததற்காக என்னை நானே திட்டிக்கொண்டேன், இப்போதும் திட்டிக்கொள்கிறேன்.

உள்ளே போனேன். வீட்டுக்காரர் நான்கு தறிகளுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தார், ஆள் இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. ஐந்து விரல்களையும் குவித்து வாயருகே கொண்டுபோய்ப் புருவத்தை உயர்த்தினார். இல்லை என்று தலையை ஆட்டினேன். பானையில் சோறு இருக்கிறது, குழம்பு மட்டும் கொஞ்சம் உப்பு என்று கையாலேயே சொன்னார். சேலத்தில் இருந்த நாளெல்லாம் ஒருவர் பேச்சும் எனக்கு இப்படி முதலிலிருந்து கடைசி வரை வந்து சேர்ந்ததில்லை. பையை வைத்துவிட்டு மூன்றாவது தறிக்குப் போனேன்.